குமிழி சொல்லும் பொய்

பழைய கருவிகளைச் சேகரிக்கும் நண்பர் ஒருவர், இரண்டாம் உலகப் போர்க்காலத்து பிரிட்டிஷ் விமானப்படையின் மார்க் 9 வகைக் குமிழி செக்ஸ்டன்ட் ஒன்றை இரண்டு வாரங்களுக்கு என்னிடம் கொடுத்திருந்தார். நட்சத்திரம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதைக் கோணமாக அளந்து, நாம் இருக்கும் இடத்தைக் கணிக்க உதவும் கருவி அது. கையில் எடுத்ததும் முதலில் தெரிவது அதன் கனம்தான். கண்ணை வைத்துப் பார்த்தால், திரவத்தில் மிதக்கும் காற்றுக்குமிழி ஒன்று வட்டமாகத் தெரிகிறது. திருகைத் திருப்பி நட்சத்திரத்தை அந்த வட்டத்தின் நடுவுக்குக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். மாடியில் நாற்காலியில் அமர்ந்து, முழங்கையை மேசைமேல் ஊன்றிக்கொண்டு துருவ நட்சத்திரத்தை அளந்தேன். அசையாத தரையில் இருந்தும் எனக்கு 8 கலை பிழை வந்தது. ஒரு பாகையில் 60 கலை; வானத்தில் ஒரு கலை தவறினால் பூமியில் ஒரு கடல் மைல் தவறும். ஆக, என் வீட்டையே 8 கடல் மைல் தள்ளி வைத்துவிட்டேன்.

இந்தக் கருவியில் ஒரு குமிழியை எதற்காக வைத்தார்கள் என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. கப்பலில் இருப்பவர் கடலும் வானமும் கூடும் தொடுவானக் கோட்டிலிருந்து நட்சத்திரத்தின் உயரத்தை அளக்கிறார். விமானத்தில் அந்தக் கோடு மேகத்தில் மறைந்திருக்கும், இல்லையேல் மூட்டத்தில் கலைந்திருக்கும், இரவில் இருக்கவே இருக்காது. நட்சத்திரம் கண்ணெதிரே இருந்தும் அதை எதிலிருந்து அளப்பது என்பதே தெரியாத நிலை. தச்சரின் ரசமட்டத்தில் இருப்பதைப் போன்ற குமிழியைச் செக்ஸ்டன்டுக்குள் வைத்து, அதையே தொடுவானமாகக் கொள்ளும் வழியை நடைமுறையில் மெய்ப்பித்துக் காட்டியவர்களில் போர்த்துகீசியக் கடற்படை அதிகாரி காகோ கூட்டின்யோ முக்கியமானவர். 1922இல் சக்காதுரா கப்ரால் விமானத்தை ஓட்ட, இவர் வழி கணிக்க, இருவரும் லிஸ்பனிலிருந்து ரியோ டி ஜெனிரோவுக்குத் தெற்கு அட்லாண்டிக்கைக் கடந்தார்கள். நடுக்கடலில் புள்ளியாகக் கிடக்கும் புனித பீட்டர், புனித பால் பாறைகளைத் தவறாமல் கண்டுபிடித்து அங்கே இறங்கினார்கள். இறங்கும்போது விமானம் சேதமடைந்து மூழ்கியது உண்மைதான். ஆனால் அது கணக்கின் பிழையன்று.

குமிழிக்கும் ஒரு பலவீனம் உண்டு. எது கீழே என்பதை அது புவியீர்ப்பிலிருந்து மட்டும் அறிவதில்லை. விமானம் திரும்பினாலும், வேகம் கூடினாலும் குறைந்தாலும் அந்த விசையையும் சேர்த்துக்கொண்டு, சாய்ந்த ஒரு திசையைச் செங்குத்து என்று சாதிக்கும். விமானம் ஒரே ஒரு பாகை சாய்ந்து மெல்ல வளைந்தால் ஓட்டுபவரே அதை உணரமாட்டார். ஆனால் நட்சத்திரம் பக்கவாட்டில் இருந்தால், அந்த ஒரு பாகை 60 கடல் மைல் பிழையாகிவிடும். எனவே ஒரே அளவீட்டை நம்பாமல் பல அளவீடுகளின் சராசரியை எடுக்கும் வழிக்கு வந்தார்கள். நான் பார்த்த செக்ஸ்டன்டின் பக்கத்தில் கடிகாரம் போல முடுக்கும் பொறி ஒன்று இருந்தது. நட்சத்திரத்தைக் குமிழியின் நடுவிலேயே இரண்டு நிமிடம் பிடித்து வைத்திருந்தால், இடையில் எடுத்த அளவுகளின் சராசரியை அதுவே கூட்டிக் கொடுத்துவிடும். அந்த இரண்டு நிமிடமும் விமானத்தை நேராக, சமமாக ஓட்டவேண்டியது விமானியின் பொறுப்பு. எதிரியின் வானில் இரண்டு நிமிடம் நேராகப் பறப்பது எத்தனை நீண்ட நேரம் என்பதை நாற்காலியில் அமர்ந்து அளந்த நான் சொல்லத் தகுதியில்லாதவன்.

கோணத்தைச் சரியாக எடுத்தாலும் நேரம் தவறினால் பயனில்லை. கடிகாரம் 4 விநாடி பிசகினால் நிலநடுக்கோட்டருகே ஒரு கடல் மைல் பிசகும். பிறகு அட்டவணையைப் புரட்டிக் கணக்குப் போட்டு வரைபடத்தில் கோடு இழுப்பதற்குள் விமானம் வெகுதூரம் போயிருக்கும் என்பதால், நட்சத்திரம் எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே கணித்து வைத்திருப்பார்கள். அந்த அட்டவணைகளைப் புரட்டியபோது நமக்குப் பழகிய பெயர்கள் வரிசையாக வந்தது எனக்குச் சின்ன மகிழ்ச்சி: சித்திரை, சுவாதி, ரோகிணி, மகம், கேட்டை, திருவாதிரை ஆகிய ஆறுமே வழி காண உதவும் நட்சத்திரங்களின் பட்டியலில் இருக்கின்றன.

துருவப் பகுதிகளில் தொல்லை வேறு வகையானது. காந்த ஊசி அங்கே சரியாக நிற்காது. ஆகவே திசையையே சூரியனிடம் கேட்க வேண்டும். அமெரிக்கக் கடற்படை அதிகாரி ரிச்சர்ட் பேர்ட் 1926இல் வடதுருவத்தை நோக்கிப் பறந்தபோது ஆல்பர்ட் பம்ஸ்டெட் வடிவமைத்த சூரியத் திசைகாட்டியைக் கொண்டுசென்றார். கடிகாரப் பொறியில் சுழலும் அந்தக் கருவியில், குறிப்பிட்ட இடத்தில் நிழல் விழும்படி விமானத்தை வைத்துக்கொண்டால் திசை தவறாது. அவர் துருவத்தை எட்டினாரா என்ற சர்ச்சை இன்னும் தீரவில்லை என்றாலும், அதற்காகத் திசைகாட்டியைக் குறைசொல்ல மாட்டேன்.

முதல் போயிங் 747களின் ஓட்டுநர் அறைக் கூரையில்கூடப் பெரிஸ்கோப் வகைச் செக்ஸ்டன்டைச் செருகுவதற்கு ஒரு துளை இருந்தது. எஸ்ஆர்-71 உளவு விமானத்திலோ, ஓட்டுநர் அறைக்குப் பின்னால் மேற்புறத்தில் இருந்த கண்ணாடிச் சாளரம் வழியாக ஒரு கருவி பட்டப்பகலிலும் நட்சத்திரங்களைத் தானே தேடிப் பிடித்தது. அதில் குமிழி கிடையாது. எது கீழே என்பதை, வேகமாகச் சுழன்று தம் நிலையை மாற்றாமல் வைத்துக்கொள்ளும் சக்கரங்களான ஜைரோக்கள் சொல்ல, அந்த ஜைரோக்கள் சிறிது சிறிதாகப் பிசகுவதை நட்சத்திரங்கள் திருத்திக்கொண்டே வந்தன.