துரைக்கு எந்த இன்சுலின்? சுங்கை சிப்புட் நாட்குறிப்பு

4 ஜூன் 2024, செவ்வாய்

ஈப்போவிலிருந்து கால்நடை மருத்துவர் அழைத்தார். நீரிழிவு உள்ள எங்கள் பூனை துரைக்கு நாங்கள் போட்டு வரும் பன்றி இன்சுலினில் அவரிடம் ஒரே ஒரு புட்டிதான் மிச்சமாம். அதுவும் ஒரு நாய்க்கு ஒதுக்கப்பட்டுவிட்டதாம். அடுத்த சரக்கு எப்போது வரும் என்று அனுப்புகிறவர்களுக்கே தெரியவில்லை. நாய்க்குக் கொடுத்ததில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. நாயின் இன்சுலினும் பன்றியின் இன்சுலினும் அமினோ அமில வரிசையில் ஒன்றேதான். பூனையினுடையது மாட்டு இன்சுலினுக்குத்தான் நெருக்கம், அதிலும் ஓர் அமிலம் வேறுபடும்.

எங்கள் புட்டியை ஏப்ரல் 27 அன்று திறந்தோம். திறந்த பின் 42 நாள்தான் ஆயுள் என்பதால் சனிக்கிழமையோடு அதுவும் முடிகிறது. தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் கிராணியாகக் கணக்கு எழுதியவனுக்கு இந்தத் தேதி கண்ணில் படாமல் போயிருக்கக் கூடாது, போய்விட்டது.

5 ஜூன், புதன்

அக்கா தன் இன்சுலின் ஊசிப் பேனாவோடு வந்துவிட்டார். "என்கிட்ட ரெண்டு இருக்கு தம்பி, பூனைக்கு எவ்வளவு வேணும், ஒரு சொட்டுதானே" என்றார். அரசாங்க கிளினிக்கில் அவருக்குக் கொடுப்பது என்.பி.எச். என்ற பால்நிற இன்சுலின். அதை நான் மறுத்ததற்கு இரண்டு காரணங்கள். பூனையின் உடம்பில் அது விரைவாகக் கரைந்து, பெரும்பாலும் பன்னிரண்டு மணி நேரத்துக்கு முன்பே வீரியம் இழந்துவிடும். காலையில் போட்ட ஊசி மாலைவரை தாங்காது. மற்றது, அக்காவுக்கு எழுதிக் கொடுத்த அளவு அக்காவுக்கானது. இரண்டாவதைச் சொன்னால் கோபித்துக்கொள்வார் என்று முதலாவதை மட்டும் சொன்னேன். பேனாவைக் கைப்பையில் திருப்பி வைத்துக்கொண்டு, அஞ்சடித் தாழ்வாரத்தில் படுத்திருந்த துரையைப் பார்த்து, "உனக்கு வந்த வாழ்வைப் பார்" என்றார்.

7 ஜூன், வெள்ளி

காலையில் ஈப்போ போய் வந்தோம். மருத்துவரோடு பேசியதில் நேரம் போனதே தெரியவில்லை.

புரோட்டமின் துத்தநாக இன்சுலின் பூனைகளுக்கு நன்றாகப் பொருந்தும். ஆனால் அதுவும் விலங்கு மருந்தாகவே கடல் கடந்து வர வேண்டியது என்பதால், இன்று ஒன்று தீர்ந்ததற்குப் பதிலாக நாளை தீரக்கூடிய இன்னொன்றைத் தேடுவதாகவே முடியும். டெட்டமிர் என்ற இன்சுலினும் பூனைக்கு ஏற்றதே. ஆனால் இந்த ஆண்டு இறுதியோடு அமெரிக்காவில் அதை நிறுத்தப்போவதாகச் சென்ற நவம்பரிலேயே அதன் தயாரிப்பாளர் அறிவித்துவிட்டார்.

கோலாலம்பூரில் இருக்கும் மகன் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்த மாத்திரையைப் பற்றியும் கேட்டேன். பெக்ஸாகிளிஃப்லோசின் என்ற அந்த மருந்துக்கு 2022 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது உண்மைதான். ஆனால் அது இன்சுலினே போட்டிராத பூனைகளுக்கு மட்டும் உரியது. ஏற்கெனவே ஊசியில் இருக்கும் பூனையை அதற்கு மாற்றினால் உடம்பில் கீட்டோன் என்ற அமிலம் பெருகி நஞ்சாகும் ஆபத்து உண்டு. "அந்தக் கதவு நமக்கு மூடிடுச்சு அங்கிள்" என்றார் மருத்துவர்.

மிஞ்சியது கிளார்ஜின் என்ற இன்சுலின். மனிதர்களுக்கான மருந்து, மருந்துக்கடைகளில் கிடைப்பது. அதைத் தயாரிக்கும் ஆலை ஒன்று ஜொகூரிலேயே இருக்கிறது. புட்டி வேண்டாம், பேனாவே போதும் என்று தீர்மானித்ததும் கணக்குப் பார்த்துத்தான். புட்டியில் 10 மில்லிலிட்டர், அதாவது 1,000 அலகு. பேனாவில் 3 மில்லிலிட்டர், 300 அலகு. துரைக்கு ஒரு நாளைக்கு இரண்டு அலகு. உறையில் அச்சிட்டபடி திறந்த பின் 28 நாளோடு தூக்கி எறிந்தால், புட்டியில் 944 அலகு குப்பைக்குப் போகும். பேனாவில் 244 போகும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மருந்து தெளிவாக இருக்கும்வரை சில நாள் கூடுதலாகப் பயன்படுத்தலாம் என்று மருத்துவர் சொன்னார். கலங்கினால் அன்றே எறிய வேண்டும்.

திரும்பும் வழியில் டவுன் மருந்துக்கடையில் சீட்டைக் காட்டினேன். ஐந்து பேனா கொண்ட பெட்டியை முழுதாகவே எடுத்துக்கொள்ளலாம் என்றார் கடைக்காரப் பெண். திறக்காதவை குளிரில் காலாவதித் தேதிவரை நிற்கும். ஐந்தும் கையில் இருந்தால் நான்கு மாதத்துக்கு மேல் நிம்மதி. எனக்குப் பின்னால் கைத்தடியோடு ஒரு மலாய்க்காரப் பெரியவர் நின்றார். அவர் எந்த மருந்துக்கு வந்தாரோ, இரண்டு பேனா மட்டும் வாங்கிக்கொண்டேன்.

8 ஜூன், சனி

பழைய மருந்தை வேளைக்கு இரண்டு அலகு போட்டோம் என்பதற்காகப் புதியதற்கும் இரண்டே என்று தொடங்கக் கூடாது என்பது மருத்துவரின் கட்டளை. வேளைக்கு ஒரு அலகு, பன்னிரண்டு மணி நேர இடைவெளி. பின்னால் அளவைச் சிறிது மாற்ற வேண்டிவந்தால் பேனாவைத் திருகி அரை அலகு எடுக்க முடியாது என்பதால், அதன் குப்பியிலிருந்து அரை அலகுக் கோடுள்ள மெல்லிய ஊசியில் இழுக்கச் சொல்லியிருந்தார்.

இழுக்கும்போதுதான் கை தவறப் பார்த்தது. மேசை இழுப்பறையில் பழைய, சிவப்பு மூடி ஊசிகள் கிடந்தன. அவை மில்லிலிட்டருக்கு 40 அலகு உள்ள மருந்துக்கு உரியவை; கிளார்ஜின் 100 அலகு மருந்து. சிவப்பு மூடி ஊசியில் ஒன்று என்ற கோடுவரை இழுத்திருந்தால், துரையின் தோலுக்கடியில் போயிருப்பது இரண்டரை அலகு. பழைய ஊசி அத்தனையையும் மைலோ தகரத்தில் போட்டு மூடினேன். சர்க்கரை மிகவும் இறங்கிவிட்டால் ஈறில் தடவத் தேன் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா என்று மனைவி இரண்டு முறை பார்த்தாள்.

16 ஜூன், ஞாயிறு

நேற்று இரவு இடி மழையில் மூன்று மணி நேரம் மின்சாரம் இல்லை. அந்தச் சூடு இன்சுலினை ஒன்றும் செய்யாது. காலையில் கண்டதுதான் கவலை: திறக்காத பேனா, குளிர்சாதனப் பெட்டியின் பின்சுவரில் பனி படியும் இடத்தை ஒட்டிக் கிடந்தது. உறைந்த இன்சுலின் உருகினாலும் உதவாது. நல்ல வேளையாக உறையவில்லை. கதவுத் தட்டுக்கு மாற்றினேன்.

22 ஜூன், சனி

காலை ஏழு முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை துரையின் காது விளிம்பில் குத்தி இரத்தச் சர்க்கரையை அளந்தோம். ஊசிக்கு முன் லிட்டருக்கு 17.8 மில்லிமோல், நண்பகலுக்குப் பின், ஒரு மணிக்கு 9.4, மாலை ஏழுக்கு 15.1. இன்னும் ஒரு வாரம் இதே அளவு போதும் என்கிறார் மருத்துவர். ஏழாவது குத்துக்குத் துரை என்னைக் கீறிவிட்டு, என் நாற்காலியிலேயே ஏறிப் படுத்துக்கொண்டது.

பன்றி இன்சுலின் வந்துவிட்டதாகவும் அவர் சொன்னார். வேண்டாம் என்றேன். பேனாவில் ஒட்டிய பிளாஸ்திரியில் 8/6 என்று எழுதியிருக்கிறேன். கதவுத் தட்டில் இருப்பதில் இன்னும் எதுவும் எழுதவில்லை.