கத்திரி வெயிலில் விண்வெளிச் சிரிப்பு

மே 4, 2025, ஞாயிறு, சத்துவாச்சாரி, வேலூர்

அக்னி நட்சத்திரம் இன்று தொடங்கிவிட்டது. அக்காவின் பிள்ளைகள் சென்னையிலிருந்து வந்து இறங்கியாயிற்று. பகல் பதினொரு மணிக்கு மேல் யாரும் வாசற்படி தாண்டக் கூடாது என்பது அப்பாவின் உத்தரவு. ஆகவே மதியக் காட்சிக்குப் படம் தேடும் பொறுப்பு என் தலையில். பெரியவனுக்கு விஞ்ஞானம் வேண்டும். சின்னவளுக்குச் சிரிக்க வேண்டும்.

‘இன்று நேற்று நாளை’யில் (2015) தொடங்கினேன். 2065இல் உருவான கால இயந்திரம் நம் ஊர்ப் பையன்கள் கையில் சிக்குகிறது. டைனோசரைப் பார்க்கவோ சரித்திரத்தைத் திருத்தவோ அவர்கள் கிளம்புவதில்லை. ஜோசியத்தில் இறங்குகிறார்கள்! தொலைந்த பொருளைக் கேட்டு ஆள் வந்தால், இறந்த காலத்துக்குப் போய் அது எங்கே போனது என்று பார்த்து வந்து சொல்கிறார்கள். இதைவிடத் தமிழ்த்தனமான கால இயந்திரம் இருக்க முடியாது. இவர்களுடைய குறுக்கீட்டால் சாக வேண்டிய ரவுடி பிழைத்துவிட, அதன் பிறகு இயக்குநர் ஆர். ரவிகுமார் ஒரு முடிச்சைக்கூட மறக்காமல் அவிழ்க்கிறார். அறிவியல் நகைச்சுவைக்கு நான் கேட்பது இந்த நாணயத்தைத்தான். எவ்வளவு அபத்தமான விதி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும். வைத்த பிறகு அதை மீறக் கூடாது.

மே 6, செவ்வாய்

அதே இயக்குநரின் ‘அயலான்’ (2024). சித்தார்த்தின் குரலில் பேசும் வேற்றுக்கிரகவாசியைச் சின்னவளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. எனக்கு, அது சிவகார்த்திகேயன் கூட்டத்தோடு குடித்தனம் நடத்தும் பகுதி மட்டும் போதும். வில்லன் வந்ததும் வழக்கமான சண்டைப் படம். குழந்தைகள் இருந்தால் பாருங்கள்.

மே 9, வெள்ளி

இன்று பார்த்தது ‘கேலக்ஸி குவெஸ்ட்’ (1999). பெரியவன் வசனத்தைத் தமிழில் சொல்லச் சொல்ல, சின்னவள் அவனுக்கு முன்பே சிரித்துக்கொண்டிருந்தாள்.

நின்றுபோன ஒரு விண்வெளித் தொடரின் நடிகர்கள், ரசிகர் கூட்டங்களில் கையெழுத்துப் போட்டுப் பிழைக்கிறார்கள். நடிப்பு என்றால் என்னவென்றே அறியாத தெர்மியர்கள் என்ற வேற்றுக்கிரகவாசிகள் அந்தத் தொடரை வரலாற்று ஆவணம் என்று நம்பி, அதில் வரும் கப்பலை அப்படியே நிஜமாகக் கட்டிவிட்டு, ‘கேப்டனை’ உதவிக்கு அழைக்கிறார்கள். கப்பலின் நடைபாதையில் ஆளை நசுக்கும் இயந்திரங்கள் இருக்கின்றன. எதற்கு? ஒரு பயனும் இல்லை. தொடரில் இருந்தன, அதனால் இங்கேயும் இருக்கின்றன. வெடிக்கப்போகும் கப்பலின் நேரக்கணக்கு 1இல் வந்து நிற்கிறது. தொடரில் எப்போதும் அப்படித்தான் நிற்கும்! மேடை நடிகராக ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்து, இப்போது ஒரே வசனத்தைச் சொல்லிச் சொல்லி நொந்துபோனவராக ஆலன் ரிக்மன். அந்த முகச்சுளிப்பைப் பார்க்கவே இன்னொரு முறை பார்ப்பேன். இந்த விடுமுறையில் ஒரே ஒரு படம்தான் பார்க்க முடியும் என்பவர்களுக்கு இது.

மே 11, ஞாயிறு

சாப்பாட்டில் முள்ளுக் கத்திரிக்காய்க் குழம்பு. “நம் ஜவ்வாது மலையில், காவலூரில் அவ்வளவு பெரிய தொலைநோக்கி இருக்கிறதே, சித்தி, அப்புறம் ஏன் வேற்றுக்கிரகவாசிகள் எல்லாரும் அமெரிக்காவிலேயே இறங்குகிறார்கள்?” என்றான் பெரியவன்.

“1963இலேயே இங்கே இறங்கிவிட்டார்கள்” என்றார் அப்பா. ‘கலை அரசி’யைச் சொல்கிறார். தங்கள் கிரகத்தில் கலை இல்லை என்பதற்காக பானுமதியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். மீட்கப் போகிறார் எம்.ஜி.ஆர். நிலவில் மனிதன் கால் வைப்பதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பு! அது சிரிப்பதற்காக மட்டும் எடுத்த படம் இல்லை. இருந்தாலும் நம்பியாரை வேற்றுக்கிரகவாசியாகப் பார்த்தபோது பிள்ளைகளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அப்பா கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

மே 14, புதன்

இரவில் மின்சாரம் போய் வந்த பிறகு தூக்கம் வரவில்லை. பி.பி.சி.யின் ‘ரெட் டுவார்ஃப்’ (1988) முதல் பருவம், ஆறே பகுதிகள். விண்கப்பலில் பூனையை ஒளித்து வளர்த்த குற்றத்துக்காக உறைநிலையில் அடைக்கப்பட்ட கடைநிலை ஊழியன், முப்பது லட்சம் ஆண்டுகள் கழித்து விழிக்கிறான். மனித இனத்தில் அவன் மட்டும் மிச்சம். துணைக்கு, அந்தப் பூனையின் வம்சத்தில் பரிணமித்த அலங்காரப் பிரியன் ஒருவன். பிறகு, செத்தும் அதிகாரம் குறையாத பழைய மேலாளின் ஒளியுருவம். அரங்க அமைப்பு அட்டைப்பெட்டிதான். அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

மே 17, சனி

பிள்ளைகள் அத்தை வீட்டுக்குப் போன நேரத்தில், அப்பாவைச் சமாதானப்படுத்த ஜான் கார்பெண்டரின் ‘டார்க் ஸ்டார்’ (1974). அதில் வேற்றுக்கிரகப் பிராணி, கடற்கரையில் விளையாடும் பந்து. அதற்கு நகமுள்ள கால்கள். ஆனால் படத்தின் உயிர் பேசும் வெடிகுண்டுதான். வெடித்தே தீருவேன் என்று அது அடம்பிடிக்க, “வெளியுலகம் இருப்பது உனக்கு எப்படித் தெரியும்?” என்ற ரீதியில் தத்துவம் பேசி விண்கப்பலில் இருப்பவர்கள் அதைத் தடுக்கப் பார்க்கிறார்கள். குண்டு யோசிக்கத் தொடங்குகிறது. வெளியே எதுவும் இல்லை, தான் மட்டுமே இருப்பதாக முடிவுக்கு வருகிறது.

முப்பது ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்து, சைவ சித்தாந்தத்தைக் கரைத்துக் குடித்த அப்பா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். “உலகமே பொய் என்னும் மாயாவாதியிடம் வெடிமருந்தைக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும்” என்றார்.