நாலரை யூரோ

சாத்தூரில் அம்மா பால் கணக்கைக் காலண்டரில்தான் வைத்திருப்பாள். பால்காரர் வராத நாளில் தேதிக்குக் கீழே ஒரு சுழி. மாதக் கடைசியில் சுழிகளை எண்ணி, கழித்துக்கொண்டு, மிச்சத்தைக் கொடுப்பாள். நான் இங்கே ஜெர்மனியில், துரிங்கியாவின் ஒரு சின்ன ஊரில் உட்கார்ந்துகொண்டு ரயில் தாமதத்துக்குச் சுழி போடுகிறேன். காலண்டர்கூட சிவகாசியில் அச்சானதுதான், போன தடவை பெட்டிக்குள் சுருட்டி எடுத்துவந்தது.

என்னிடம் இருப்பது டாய்ச்லாண்ட் டிக்கெட். மாதச் சந்தா கட்டினால் நாடு முழுக்க ரீஜனல் ரயில், எஸ்-பான் என்கிற புறநகர் ரயில், டிராம், பஸ் எல்லாவற்றிலும் ஏறலாம். ஐசிஇ மாதிரி நெடுந்தூர வண்டிகளில் மட்டும் கூடாது. 2023 மே மாதம் 49 யூரோவுக்கு ஆரம்பித்தார்கள். நான் சொல்லப்போகும் 2025 நவம்பரில் 58. 2026 ஜனவரியிலிருந்து 63.

சாதாரண டிக்கெட் என்றால் நஷ்டஈட்டுக் கணக்கு சுலபம். ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி, போய்ச் சேரும் இடத்துக்கு 60 நிமிடம் தாமதமானால் கட்டணத்தில் கால்வாசி, 120 நிமிடமானால் பாதி. ஆனால் பாஸ் வைத்திருப்பவனுக்கு எதில் கால்வாசி? ஒரு மாதத்தில் நான் எத்தனை தடவை ஏறி இறங்குகிறேன் என்று யாருக்குத் தெரியும்? அதனால் இங்கே தொகையை நிர்ணயித்துவிட்டார்கள். 60 நிமிடமோ அதற்கு மேலோ தாமதமானால், ஒரு தாமதத்துக்கு 1.50 யூரோ. மூன்று மணி நேரம் ஆனாலும் அதே 1.50 தான். பேக்கரியில் ஒரு பிரெட்சல் வாங்கினால் தீர்ந்துபோகும். நாடு முழுக்க நெடுந்தூர வண்டியிலும் போகக்கூடிய பான்கார்டு 100 வைத்திருப்பவருக்கு இரண்டாம் வகுப்பில் ஒவ்வொரு தாமதத்துக்கும் 10 யூரோ. எங்கள் பேராசிரியரிடம் அது இருக்கிறது. அவர் விண்ணப்பித்து நான் பார்த்ததே இல்லை.

இதில் இன்னொரு முடிச்சு, 4 யூரோவுக்குக் குறைந்த தொகையைத் தர மாட்டார்கள். ஒரு தாமதத்துக்கு எழுதினால் ஒன்றும் வராது, இரண்டுக்கும் வராது. மூன்று சேர்ந்தால்தான் 4.50. மேலேயும் ஒரு வரம்பு உண்டு: டிக்கெட் விலையில் கால்வாசி. 58 யூரோவில் அது 14.50, அதாவது ஒன்பது தாமதத்துக்குக் கொஞ்சம் மேல். அதற்குமேல் நின்ற நேரமெல்லாம் நம் சொந்தச் செலவு.

முதல் வருடம் முழுக்க நான் ஒரு பைசா கேட்கவில்லை. காரணம் சோம்பல் இல்லை, கணக்குத் தப்பு. என் வண்டி 11 நிமிடம், 14 நிமிடம் என்றுதான் தாமதமாகும். 60-க்கு எங்கே போவது என்று விட்டுவிட்டேன். ஆய்வகத்தில் கூட வேலை செய்யும் ஒரு அம்மணிதான், "வண்டி எவ்வளவு லேட் என்று பார்க்காதே, நீ வீட்டு ஸ்டேஷனில் எத்தனை மணிக்கு இறங்கினாய் என்று பார்" என்றார்.

நவம்பர் 4. நான் வண்டி மாறும் எர்ஃபுர்ட்டுக்கு 17:38-க்கு வந்திருக்க வேண்டிய வண்டி 17:49-க்கு வந்தது. 11 நிமிடம்தான். ஆனால் எங்கள் ஊருக்குப் போகும் 17:46 வண்டி எனக்காகக் காத்திருக்கவில்லை. பின்பக்க விளக்கு மட்டும் தெரிந்தது. எங்கள் ஊருக்கு மணிக்கு ஒரு வண்டி. 18:32-க்கு இறங்க வேண்டியவன் 19:32-க்கு இறங்கினேன். சரியாக 60 நிமிடம். பசியோடு வீட்டுக்கு நடந்தபோது இவ்வளவு திருப்தி எனக்கு அதற்கு முன் வந்ததில்லை.

அக்டோபரில் இதே மாதிரி ஒரு நாள் தப்பியது. அன்றைக்கு அடுத்து வந்த வண்டி நடுவில் ஒரு நிறுத்தத்தில் நிற்காமல் வந்துவிட்டது, 57 நிமிடம். அவ்வளவு வேகமாக வரச்சொல்லி அந்த ஓட்டுநரை யார் கேட்டது?

நவம்பரில் இரண்டாவது சுழி, ஓட்டுநர் இல்லாமல் ரத்தான ஒரு காலை வண்டி. மூன்றாவது, வழியில் பழுதாகி நின்ற ஒன்று. எந்த நிறுவனத்து வண்டிகள் என்று எழுதப்போவதில்லை. இங்கே பல பேர் ஓட்டுகிறார்கள். நடுவில் ஒரு நாள் புயலில் தண்டவாளத்தில் மரம் விழுந்து இரண்டு மணி நேரம் நின்றோம். அதற்குச் சுழி போடவில்லை. 2023 ஜூனிலிருந்து நடப்பில் இருக்கும் புதிய விதிப்படி, கடும் வானிலை போல நிறுவனத்தின் கையை மீறிய காரணத்துக்கு நஷ்டஈடு தரவேண்டியதில்லை. ஆனால் ரயில் ஊழியர்களின் வேலைநிறுத்தம் அந்தக் கணக்கில் சேராது, அதற்குத் தாராளமாகக் கேட்கலாம்.

படிவம் நிரப்புவதில்தான் பாஸ்காரனுக்குச் சிக்கல். டிக்கெட்டில் எங்கிருந்து எங்கே என்று எதுவும் இல்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும்: எந்த ஸ்டேஷனில் எத்தனை மணிக்கு ஏற இருந்தீர்கள், எங்கே எத்தனை மணிக்கு இறங்கியிருக்க வேண்டும், முதலில் தாமதமான வண்டி எது, கனெக்‌ஷன் எங்கே விட்டுப்போனது, கடைசியில் எந்த வண்டியில் எத்தனை மணிக்கு வந்து சேர்ந்தீர்கள். ஒரு வாரம் கழித்து வண்டி எண் யாருக்கு ஞாபகம் இருக்கும்? அதனால் ஏறும் முன்பே ஆப்பில் அந்தப் பயணத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுகிறேன், இறங்கியதும் இன்னொன்று. நடத்துநரிடம் முத்திரை வாங்க அலைய வேண்டாம். உண்மையா என்று அவர்களே தங்கள் பதிவேட்டில் பார்த்துக்கொள்கிறார்கள். மூன்று மாதக் கெடு இருக்கிறது, அதைத் தவறவிடாதீர்கள்.

பல நாடு சுற்றும் இன்டர்ரெயில் பாஸ் என்றால் இந்தப் படிவம் ஆகாது. அதற்கு நெதர்லாந்தில், உட்ரெக்ட் ஊரில் இருக்கும் பாஸ் நிறுவனத்திடமே ஆன்லைனில் கேட்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இதில் ஏமாந்தவர்கள் நிறைய. 20 நிமிடம் தாமதமாகும் என்று தெரிந்தால் வேறு வண்டியில், ஐசிஇயில்கூட, ஏறலாம் என்று ஒரு விதி இருக்கிறது. அது பெருந்தள்ளுபடி டிக்கெட்டுகளுக்குக் கிடையாது. நம் டிக்கெட் அந்த வகை. அதை நம்பி ஏறி மாட்டினால் குறைந்தது 60 யூரோ அபராதம், நாற்பது தாமதத்தின் பணம். பாதி காலியான ஐசிஇ கண்முன்னே கிளம்பும். பிளாட்பாரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் இதையெல்லாம் மும்முரமாக எழுதிக்கொண்டிருப்பதை அம்மா பார்த்துவிட்டாள்.

"ஏய்யா, ஒண்ணர யூரோவுக்கா இம்புட்டு எழுதுற?"

"நீ பால்காரர்கிட்ட ஒரு ரூபா விட்டுருக்கியாம்மா?"

"அவர் வரலைன்னா பிள்ளைக்குப் பால் இல்ல. உனக்கு என்ன, வீட்டுக்குத்தான வந்து சேர்ந்துட்ட."

மூன்று வாரத்தில் பணம் வங்கிக்கு வந்தது. 4.50. அன்றைக்கே அம்மாவுக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினேன். "நம்ம காசுக்கு எவ்வளவு?" என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். "பரவால்லையே" என்றாள்.

டிசம்பர்த் தாளில் இதுவரை இரண்டு சுழி. நேற்று எர்ஃபுர்ட்டில் வண்டி 9 நிமிடம் தாமதமாக வந்தது, நானும் மெதுவாகத்தான் நடந்தேன், ஆனால் கனெக்‌ஷன் வண்டி நின்றுகொண்டிருந்தது. ஏறிவிட்டேன்.