மோர் இல்லாத மார்கழி

14 டிசம்பர் 2023, வியாழன்

பாப்பாவின் மலத்தில் ரத்தம் தெரிகிறது. தங்கச்சி குடிக்கிற பால் தாய்ப்பால் வழியாகப் பாப்பாவுக்கு ஒத்துக்கொள்ளவில்லையோ என்று டாக்டருக்குச் சந்தேகம். அதனால் இன்றிலிருந்து தங்கச்சிக்குப் பால் கிடையாது. தயிர், மோர், நெய், வெண்ணெய், பால் பவுடர் எதுவும் கிடையாது. இரண்டு வாரத்திலிருந்து நான்கு வாரம் என்று டாக்டர் சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். சோயாவும் வேண்டாம். முட்டை, மீன் சாப்பிடுவீர்களா என்று கேட்டார், நாங்கள் சைவம் என்றேன். "அப்போ பயறு, பருப்பு நல்லா சாப்பிடச் சொல்லுங்க" என்றார். தங்கச்சி ஒன்றும் பேசவில்லை. ஆட்டோவில் வீடு வந்து சேரும்வரை பாப்பாவின் துணியை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

வந்ததும் பிரிட்ஜில் இருந்த பாலையும் தயிரையும் எதிர் வீட்டு அம்மாச்சியிடம் கொடுத்துவிட்டேன். கண்ணில் படாமல் இருந்தால்தான் நல்லது.

15 டிசம்பர், வெள்ளி

காலையில் அலமாரியை ஒழித்தேன். பிஸ்கட், ரஸ்க், சத்துமாவு, சூப் பொட்டலம் என்று ஒவ்வொன்றின் பின்னாலும் இருக்கிற பொடி எழுத்தைப் படித்தால், பாதிக்கு மேற்பட்டவற்றில் பால் திடப்பொருள் இருக்கிறது. காரமான சிப்ஸில்கூட. இத்தனை நாள் எதைப் படித்து வாங்கினோம்?

மத்தியானம் சாம்பார், பீன்ஸ் பொரியல், ரசம். எதிலும் பால் சேரவில்லை, ஆகவே சுலபம் என்றுதான் நினைத்தேன். ரசம் சோறு முடிந்ததும் கடைசிச் சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டு, கையைப் பக்கத்தில் வைத்தபடி தங்கச்சி காத்திருந்தாள். மோருக்கு. அவளுக்கே அது தெரியவில்லை. எனக்குத்தான் உடனே புரிந்தது. மறுபடியும் ரசத்தையே ஊற்றினேன்.

கடைசிச் சோற்றுக்கு என்ன ஊற்றுவது?

16 டிசம்பர், சனி

பாப்பாவின் துணியில் இருந்தது. சளி மாதிரி, நடுவில் சிவப்பாக ஒரு இழை.

17 டிசம்பர், ஞாயிறு

மார்கழி முதல் தேதி. மொச்சை வேகவில்லை. ராத்திரியே ஊறப்போட்டு, காலையில் ஐந்து விசில் விட்டும் கல்லு மாதிரி இருந்தது. இன்னும் நான்கு விசில் விட்டேன். தோல் தனியாக வந்தது, உள்ளே அப்படியே இருக்கிறது. கத்தரிக்காயை மட்டும் போட்டுப் புளிக்குழம்பு வைத்தேன்.

தண்ணீர்தான் காரணம். இங்கே போர் தண்ணீர். சட்டியின் அடியில் வெள்ளையாகப் படிகிற அந்தச் சுண்ணாம்பு, பயற்றின் தோலை இறுக்கிவிடும். எங்கள் ஊரில் ஆற்றுத் தண்ணீரிலேயே சமைத்துப் பழகியதால் எனக்கு இது தோன்றவேயில்லை. ஊறப்போடவும் வேகவைக்கவும் இனி கேன் தண்ணீர்தான். அம்மாச்சி சோடா உப்பு ஒரு சிட்டிகை போடச் சொன்னார்கள். போட்டால் வெந்துவிடும், உண்மைதான். ஆனால் பயற்றில் இருக்கிற பி1 சத்தை அது அழித்துவிடும். இவளுக்காகத்தானே சமைக்கிறேன், அதையும் இழந்துவிட்டு எதற்கு?

ஊரில் விடாத மழையாம்.

18 டிசம்பர், திங்கள்

பாளையங்கோட்டைக்குப் போன் போகவில்லை. காலையிலிருந்து முப்பது தடவையாவது போட்டிருப்பேன். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை என்கிறார்கள். திருநெல்வேலி சந்திப்புப் பக்கம் முழுக்கத் தண்ணீர். என் வீட்டுக்காரர் எங்கே இருக்கிறார் என்றே தெரியவில்லை.

என்ன சமைத்தேன் என்று நினைவில்லை.

19 டிசம்பர், செவ்வாய்

சொதி வைத்தேன். போன் கிடைக்காதபோது கை சும்மா இருக்கக்கூடாது. தேங்காய் ஒன்றரை மூடி, மூன்று பால். மூன்றாம் பாலில் உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், முருங்கைக்காய். தனியாக வேகவைத்த சிறுபருப்பு. அப்புறம் இரண்டாம் பால். இஞ்சியும் பச்சை மிளகாயும் அரைத்துப் பிழிந்த சாறு. முதல் பால் ஊற்றியதும் அடுப்பை அணைத்துவிட வேண்டும், கொதித்தால் திரிந்துபோகும். ஆறின பிறகு எலுமிச்சம்பழம். எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டுப் பந்தியில் போடுவது. சொட்டுப் பசும்பால் கிடையாது, என்றைக்குமே கிடையாது. இத்தனை வருஷமாகப் பாலில்லாத ஒன்றைச் சாப்பிடுகிறோம் என்று யாராவது நினைத்தோமா?

தங்கச்சி இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். கடைசிச் சோற்றுக்கும் அதையே ஊற்றிக்கொண்டாள்.

துணியில் இருந்தது.

20 டிசம்பர், புதன்

அவர் பேசினார். மாடியில் இருந்தார்களாம், கரண்ட் இல்லையாம். நன்றாக இருக்கிறார். நான்கு நிமிஷம்தான் பேசினோம்.

21 டிசம்பர், வியாழன்

மதுரை அண்ணா நகர் உழவர் சந்தைக்குப் போனேன். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை, 1999இல் இங்கேதான் திறந்தார்கள். ஆறு மணிக்குப் போனால் பனி ஈரத்தோடு கிடைக்கிறது. அவரைக்காய், பச்சை மொச்சை, முருங்கைக்கீரை, பிஞ்சுக் கத்தரிக்காய். மார்கழியில் இதெல்லாம் கொட்டிக் கிடப்பது எனக்குப் பெரிய தைரியம். இதுவே சித்திரையாக இருந்தால் என்ன செய்திருப்பேன்?

மொச்சைக்காய் ஒரு கிலோ உரித்தால் அரைக் கிலோகூடத் தேறாது. பரவாயில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மாச்சி பையைப் பார்த்துவிட்டார்கள். "பிள்ளை பெத்தவளுக்கா மொச்ச குடுக்கப் போற? வாயும்மா. பிள்ளைக்கு வயிறு பொருமும்." அம்மாவும் இதையேதான் சொல்வாள். நான் பிள்ளை பெற்று வீட்டில் இருந்தபோது மூன்று மாதம் என்னை மொச்சையைத் தொடவிட்டதில்லை. அம்மா இருந்திருந்தால் இன்றைக்கு இந்தப் பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரச் சொல்லியிருப்பாள். அவள் பேச்சை மீறுகிறேன் என்பது இந்த ஒரு விஷயத்தில்தான் உறுத்துகிறது. டாக்டரிடம் போன் போட்டுக் கேட்டேன். வாயு உண்டாக்குகிற நார் தங்கச்சியின் குடலோடு நின்றுவிடும், தாய்ப்பாலில் இறங்காது, பாலின் புரதம்தான் இறங்குகிறது என்று பொறுமையாகச் சொன்னார். அவளுக்கு வயிறு உப்பினால் குறைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

அம்மாவுக்காக, ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைக்கிறேன். பூண்டு பத்துப் பல், சீரகம், பெருங்காயம், இஞ்சி. முதலில் கால் கப் மட்டும்.

22 டிசம்பர், வெள்ளி

பாப்பா வயிறு மெத்தென்று இருக்கிறது. ராத்திரி நான்கு மணி நேரம் தூங்கினாள்.

துணியில் லேசாக. லேசாக என்று நான் சொல்கிறேன், தங்கச்சி அப்படியேதான் இருக்கிறது என்கிறாள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து இருவரும் பார்த்தோம்.

24 டிசம்பர், ஞாயிறு

உளுந்தம்பருப்புச் சோறு, எள்ளுத் துவையல். அரிசி ஒரு ஆழாக்கு என்றால் தோல் உளுந்து அரை ஆழாக்கு, வெந்தயம், பூண்டு, தேங்காய்த் துருவல், எல்லாம் ஒரே குக்கரில். நெய்க்குப் பதிலாக நல்லெண்ணெய், அது பழையபடியே வழக்கம்தான். சுண்ணாம்புச் சத்துக்கு மாத்திரை தந்திருக்கிறார்கள், பி12 மாத்திரையும் உண்டு. அந்த பி12 எந்தப் பயற்றிலும் காயிலும் கிடைக்காது, அதனால் அதை மட்டும் நானே கையில் எடுத்துக் கொடுத்து விழுங்குகிற வரை நிற்கிறேன். மற்றபடி கேழ்வரகும் எள்ளும் முருங்கைக்கீரையும் என் பொறுப்பு. நூறு கிராம் கேழ்வரகில் முந்நூறு மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்பு இருக்கிறது. அதே எடைப் பாலில் நூற்று இருபதுதான்.

தங்கச்சி சாப்பிட்டுவிட்டு, "அக்கா, தயிர் வாசனையே மறந்துபோகுது" என்றாள். குறையாகச் சொன்னாளா, சும்மா சொன்னாளா தெரியவில்லை.

25 டிசம்பர், திங்கள்

மாப்பிள்ளை ராஜ்மா வாங்கி வந்தார். ஊறவைக்காமல் குழம்பில் போடலாமா என்று கேட்டார். கூடவே கூடாது என்றேன். ராத்திரி முழுக்க ஊறவேண்டும், தண்ணீரைக் கொட்டவேண்டும், குக்கரில் மலர வேகவேண்டும். அரைவேக்காட்டு ராஜ்மா வாந்தியும் பேதியும் கொண்டுவந்துவிடும். இந்த வீட்டில் இப்போது இன்னொரு வயிற்றுக்கோளாறைத் தாங்க யாருக்கும் தெம்பில்லை.

27 டிசம்பர், புதன். திருவாதிரை

ஏழுகறிக் கூட்டு. பூசணி, பரங்கி, வாழைக்காய், சேனை, சர்க்கரைவள்ளி, அவரை, பச்சை மொச்சை. சேனை முதலில், பரங்கி கடைசியில். புளியை எல்லாம் வெந்த பிறகுதான் ஊற்றினேன். முன்னாலேயே ஊற்றினால் மொச்சை அந்த இடத்திலேயே நின்றுவிடும். களிக்கு நெய் விடாமல் தேங்காய்த் துருவலை அதிகமாகப் போட்டு, முந்திரியைத் தேங்காய் எண்ணெயில் வறுத்தேன்.

சாமிக்கு வைக்கும்போது நெய் இல்லையே என்று கை ஒரு நொடி நின்றது. அப்புறம் வைத்துவிட்டேன். பாப்பாவுக்காகத்தான் என்று சாமிக்குத் தெரியாதா?

துணியில் இல்லை.

28 டிசம்பர், வியாழன்

இல்லை.

29 டிசம்பர், வெள்ளி

காலையில் இல்லை. சாயங்காலம் இருந்தது. இழை அல்ல, புள்ளி.

தங்கச்சி சாப்பிடமாட்டேன் என்றாள். நேற்று என்ன சாப்பிட்டாள் என்று ஒவ்வொன்றாக இருவரும் சொல்லிப் பார்த்தோம். இட்லி, கொத்தமல்லித் துவையல், தட்டப்பயறு கத்தரிக்காய்க் குழம்பு, கோஸ் பொரியல், கருப்பட்டிக் காப்பி. எதிலும் இல்லை. அப்புறம் மாப்பிள்ளைதான் சொன்னார், நேற்று வந்தவர்கள் ஒரு துண்டு மைசூர்பாகு கொடுத்தார்களே என்று. அவள் பாதி தின்றிருக்கிறாள். நெய். சின்னத் துண்டு, நினைவில்லாமல் தின்றிருக்கிறாள். அதனால்தானா என்றுகூட நிச்சயமாகத் தெரியாது. ஆனால் அவள் அழுத அழுகை! சுவரைப் பார்த்து உட்கார்ந்து, பாப்பாவை என் கையில் கொடுத்துவிட்டு. என்ன சொன்னாலும் கேட்கவில்லை.

தட்டப்பயறு மிச்சம் இருந்தது. வெறும் வாணலியில் வறுத்துவிட்டால் ஊறவே வேண்டாம், மூன்று விசிலில் வெந்துவிடும். இருந்ததைச் சோற்றில் பிசைந்து உருட்டி அவள் கையில் வைத்தேன். ஒன்பது மணிக்கு மூன்று உருண்டை சாப்பிட்டாள். சின்ன வயதில் அம்மா எங்கள் இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்து இப்படித்தான் கொடுப்பாள்.

1 ஜனவரி 2024, திங்கள்

இல்லை. மூன்று நாளாக இல்லை.

4 ஜனவரி, வியாழன்

பிதுக்குப் பருப்பு. பச்சை மொச்சையை ராத்திரி ஊறவைத்து, காலையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு அழுத்து. பருப்பு வழுக்கிக்கொண்டு கிண்ணத்துக்குள் துள்ளும், தோல் விரலிலேயே நிற்கும். சில மொச்சை கிண்ணத்தைத் தாண்டிக் குதித்துச் சுவரோரம் ஓடிவிடும். தங்கச்சி பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு ஒரு கையாலேயே பிதுக்கினாள். பாப்பா அந்தச் சத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரம் இருக்கும், துணியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

சின்ன வெங்காயம், தக்காளி, தேங்காய், சோம்பு அரைத்து ஊற்றினேன். தோல் இல்லாத மொச்சை பத்து நிமிஷத்தில் வெந்துவிடுகிறது. வெண்ணெய் மாதிரிக் கரைகிறது. வெண்ணெய் என்று எழுதிவிட்டேன்.

7 ஜனவரி, ஞாயிறு

நிலக்கடலைத் தயிர். யாரோ சொல்லிக் கேட்டது. ஊறவைத்த கடலையை அரைத்து, பிழிந்து, காய்ச்சி, ஆறவைத்து, பச்சை மிளகாய்க் காம்பு பத்துப் போட்டு மூடிவைத்தேன். காலையில் உறைந்திருந்தது. நடுங்குகிற மாதிரி உறைந்திருந்தது. புளிப்பும் இருந்தது. உப்புப் போட்டு, கடுகும் கறிவேப்பிலையும் தாளித்து, மாங்காய் ஊறுகாயோடு கடைசிச் சோற்றில் போட்டேன்.

ஒரு வாய் வைத்தாள். கடலை வாசனை இருக்கிறது என்றாள். ஆனால் தட்டைக் கழுவும்போது பார்த்தேன், வழித்திருந்தாள்.

11 ஜனவரி, வியாழன்

நான்கு வாரம். பாப்பா எடை நன்றாகக் கூடியிருக்கிறது. டாக்டருக்குச் சந்தோஷம். எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

அப்புறம் சொன்னார்: இனி தாய்க்கு மறுபடியும் பால் கொடுத்துப் பார்க்கவேண்டும். பாலால்தானா, தானாகவே சரியானதா என்று அப்போதுதான் உறுதியாகத் தெரியும். இல்லையென்றால் தேவையில்லாமல் மாதக்கணக்கில் பத்தியம் இருக்க வேண்டிவரும்.

நியாயம்தான். ஆனால் ஆட்டோவில் மூன்று பேரும் பேசவில்லை. பொங்கல் கழியட்டும் என்று தங்கச்சி சொன்னாள், சரி என்றோம்.

15 ஜனவரி, திங்கள். பொங்கல்

அரிசி களைந்த தண்ணீரைத்தான் பானையில் விட்டேன். பொங்கி வழிந்தது. தேங்காய்ப் பாலை முன்னாலேயே விடாமல், அரிசியும் பருப்பும் குழைந்து வெல்லம் கரைந்த பிறகு விட்டேன். சிறுகிழங்கு இங்கே கிடைக்காது என்று ஊரிலிருந்து அவர் இரண்டு கிலோ கொண்டுவந்தார். வெள்ளத்தில் அடுக்களைக்குள் முழங்கால் உயரம் தண்ணீர் நின்றதாம், அடியில் இருந்த பருப்பு டப்பா எல்லாம் போய்விட்டதாம். சொல்லிக்கொண்டே கிழங்கின் மண்ணைச் சாக்கில் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அம்மாச்சிக்கு ஒரு கிண்ணம் பொங்கல் கொடுத்தேன். நெய் எவ்வளவு விட்டாய் என்று கேட்டார்கள்.

17 ஜனவரி, புதன்

காலை ஏழு மணிக்கு அரை டம்ளர் பால் காய்ச்சிக் கொடுத்தேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். "நீ கொஞ்சம் அந்தப் பக்கம் பாரேன் அக்கா" என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

18 ஜனவரி, வியாழன்

துணியில் இல்லை. இன்றைக்கும் அரை டம்ளர்.

19 ஜனவரி, வெள்ளி

மொச்சை ஊறப்போட்டிருக்கிறேன், இரண்டு ஆழாக்கு, கேன் தண்ணீரில். பாப்பா இப்போதுதான் எழுந்தாள். தங்கச்சி உள்ளேயிருந்து கூப்பிடுகிறாள்.