கிரெகுவாரின் ஞாபகம்

காலையில் முருங்கையில் குந்தியிருந்த குரங்கை அம்மம்மா தடியோடு விரட்டும்போது எனக்கு கிரெகுவார் ஞாபகம் வந்துவிட்டான். கொங்கோவின் பிரஸாவில் நகர மிருகக்காட்சிசாலையில் 40 வருடத்துக்கு மேல் கூட்டுக்குள் கிடந்த சிம்பன்சி அவன், கூட்டுப் பலகையில் பெயரும் 1944 என்ற வருடமும் இருக்கும். 1990இல் சிம்பன்சி ஆராய்ச்சியாளர் ஜேன் குடால் பார்த்தபோது எலும்பும் தோலும்தான், உடம்பில் முடிகூட ஒழுங்காக இல்லை. 1997இல் அங்கே சண்டை மூண்டதும் சிம்பூங்கா சரணாலயத்துக்குக் கொண்டுபோனார்கள் (பெயரிலேயே பூங்கா இருக்கிறது பாருங்கள்). சண்டைக்குள்ளால் இடம்பெயர்ந்த கதை மட்டக்களப்பானுக்குப் புதிதா என்ன. சரி, அங்கேதான் வயசான காலத்தில் அவனுக்குக் கூட்டாளிகள் கிடைத்தார்கள். 2008 டிசம்பரில் கண்ணை மூடினான்.

அம்மம்மாவுக்கு இதைச் சொன்னேன். “பாவம் மனே, அவ்வளவு காலமும் தனியவா கிடந்தது?” என்றா. தடியை மட்டும் கீழே வைக்கவில்லை.