காண்ட்ராஸ்ட் சி.டி.: சூட்டைப் பொறுத்துக்கொள்ளலாம், ஊசி போட்ட இடத்து வலியைப் பொறுக்கக் கூடாது

வயிற்றுக்குக் காண்ட்ராஸ்ட் (படம் தெளிவாகத் தெரிய நரம்பில் ஏற்றும் மருந்து) போட்டு சி.டி. எடுத்ததில் இடது புறங்கை இன்னும் வீங்கித்தான் இருக்கிறது. மருந்து நரம்புக்குள் போகாமல் தோலுக்கடியில் இறங்கிவிட்டது. எரிகிறது என்று கத்தியதற்கு, "சூடாத்தாங்க இருக்கும், ஆடாம படுங்க" என்று மைக்கில் பதில் வந்தது. எந்தச் சூடு வழக்கமானது, எது கோளாறு என்று முன்பே பிரித்துச் சொல்லியிருந்தால் அந்தப் பதிலை ஏற்றுக்கொண்டு யாரும் படுத்திருக்க மாட்டார்கள்.

வழக்கமான சூடு உடம்பு முழுக்கப் பரவும். மருந்து ஏறத் தொடங்கிப் பதினைந்து, இருபது விநாடியில் தொண்டை கதகதக்கும். நாக்கில் செப்புக் காசை வைத்தாற்போல் ஒரு சுவை. பிறகு நெஞ்சு, வயிறு என்று இறங்கி, அடிவயிற்றுக்கு வந்ததும் சிறுநீர் போய்விட்டது என்றே தோன்றும். போயிருக்காது. இதைச் சொல்லாமல் படுக்கவைத்தால், வயதானவர்கள் பதறி இடுப்பை அசைத்துவிடுவார்கள்; படம் கலங்கிவிடும். லேசான குமட்டலும் வரலாம். எல்லாம் ஓரிரு நிமிடத்தில் அடங்கிவிடும்.

இந்த அயோடின் மருந்தின் செறிவு ரத்தத்தைவிட அதிகம். பரவலாகப் போடப்படும் அயோஹெக்சால் 300-இல் அது இரண்டு மடங்குக்கும் மேல். அது மொத்தமாக வேகமாகப் பாயும்போது ரத்தக் குழாய்கள் விரிகின்றன, அதனால்தான் சூடு. எம்.ஆர்.ஐ.க்குப் போடும் கடோலினியம் அளவில் மிகக் குறைவு. பெரும்பாலும் கையில் ஒரு ஜில்லிப்போடு சரி.

கோளாறான வலி ஊசி போட்ட இடத்திலேயே நிற்கும். சுருக்கென்று எரியும், தோல் இறுகும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே உப்பும். அந்த நொடியே "கை வலிக்குது, நிறுத்துங்க" என்று சொல்லுங்கள். பம்ப் விநாடிக்கு 3 மி.லி. வீதம் தள்ளுகிறது, பத்து விநாடி பொறுத்தால் 30 மி.லி. உள்ளே போய்விடும்.

இங்கே நடந்ததற்குக் காரணம், வார்டில் முந்தைய நாள் புறங்கையில் போட்ட நீல வென்ஃப்ளானையே (நரம்பில் பொருத்தி வைக்கும் ஊசிக் குழாய்) பயன்படுத்தியது. அது 22 கேஜ், மெல்லியது; கேஜ் எண் குறையக் குறையக் குழாய் தடிமனாகும். வயிற்று சி.டி.க்கு முழங்கை மடிப்புப் பக்கம் பிங்க் (20 கேஜ்) நல்லது. ரத்தக் குழாய்களைப் படமெடுக்க விநாடிக்கு 5 மி.லி. வரை தள்ளும் சி.டி. ஆஞ்சியோகிராம் என்றால் பச்சை (18 கேஜ்). புதிதாகக் குத்துவார்களே என்று தயங்க வேண்டாம், கேட்டு வாங்குங்கள். மருந்து ஏற்றுமுன் 10 மி.லி. சலைனை வேகமாகத் தள்ளிப் பார்க்கவும் சொல்லுங்கள். அதிலேயே வலித்தால் அந்த ஊசி வேண்டாம்.

கசிந்துவிட்டால் கையை நெஞ்சுக்கு மேல் தூக்கி வைத்து, துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம். பெரும்பாலும் சில நாளில் வடிந்துவிடும். விரல் மரத்துப்போனால், அசைக்க முடியாவிட்டால், கொப்புளம் கண்டால், வலி கூடிக்கொண்டே போனால் அன்றே சர்ஜனைப் பாருங்கள்.

ஒவ்வாமை வேறு. அரிப்பு, தடிப்பு, விடாத தும்மல், தொண்டை அடைப்பு, குரல் கம்மல். இது பெரும்பாலும் முதல் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். அதுவரை வென்ஃப்ளானைக் கழற்ற விடாதீர்கள். அவசர மருந்து போட அதுதான் வழி. தோல் தடிப்பு மட்டும் ஓரிரு நாள் கழித்தும் வரலாம்.

இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்கள் அதற்காகவே இந்த மருந்துக்குத் தனியாகப் பயப்படத் தேவையில்லை. முன்பு காண்ட்ராஸ்டே ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால், ஸ்கேனுக்குத் தேதி வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். ஒவ்வாமையைத் தடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரையை வழக்கமாக 13 மணி நேரம் முன்பிருந்தே தொடங்க வேண்டும், வாசலில் வந்து சொன்னால் திருப்பி அனுப்புவார்கள். கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) ரிப்போர்ட் பழசாக இருந்தாலும் அதே கதிதான். சிறுநீரகம் பலவீனமான சர்க்கரை நோயாளிகள் மெட்ஃபார்மினை நிறுத்துவது பற்றி டாக்டரிடம் கேட்டுக்கொள்ளவும்.

வெளியே வருமுன் மருந்தின் பெயர், அளவு, கசிந்திருந்தால் அதையும் ரிப்போர்ட்டில் எழுதி வாங்குங்கள். அடுத்த ஸ்கேனுக்கு முதலில் கேட்பது அதைத்தான்.