தனும் பள்ளத்தாக்கில் களப்பணி: உரிமம், அட்டைப்பூச்சி, கேமரா

முனைவர் பட்ட ஆய்வுக்கு போர்னியோ தீவு என்று முடிவானதும் எல்லோரும் கேட்டது ஒராங்ஊத்தானைப் பற்றித்தான். எனக்கு வேண்டியதோ தரையில் நடமாடுபவை: சருகுமான், கேளையாடு, கடமான், முக்கியமாகத் தாடிப்பன்றி. இடம் அந்தத் தீவில் மலேசியாவின் சபா மாநிலத்திலுள்ள தனும் பள்ளத்தாக்கு. 438 சதுர கிலோமீட்டர், பெரும்பகுதி கோடரி படாத தாழ்நில மழைக்காடு.

போக நினைப்பவர்கள் முதலில் உரிம வேலையைத் தொடங்குங்கள். சபாவுக்குத் தனிக் குடிநுழைவுக் கட்டுப்பாடு உண்டு. கோலாலம்பூரில் முத்திரை வாங்கியிருந்தாலும் சபாவில் இறங்கியதும் மறுபடி வரிசைதான். ஆய்வுக்கு மாநிலப் பல்லுயிர் உரிமம், தனும் மேலாண்மைக் குழுவின் ஒப்புதல், உள்ளூர்க் கூட்டாய்வாளர் என எல்லாம் வேண்டும். கூட்டாய்வாளரை முதலில் பிடித்துவிட்டால் மற்ற காகிதங்கள் நகரும். மாதிரிகளை வெளியே கொண்டுபோக வேறு உரிமம் கேட்பார்கள் என்பதால் ரத்தம், சாணம் பக்கமே போகாமல் கேமராவோடு நின்றுகொண்டேன். காத்திருப்பது எரிச்சல்தான். ஆனாலும் யார் வேண்டுமானாலும் வந்து அள்ளிக்கொண்டு போகட்டும் என்று ஒரு மாநிலம் ஏன் விட வேண்டும்?

லஹாட் டத்து ஊரிலிருந்து கள நிலையத்துக்கு மரலாரிகள் ஓடும் மண்சாலையில் போக வேண்டும். அப்புறம் அட்டை. வால்பாறையில் கடி வாங்கிப் பழகிய தைரியத்தில் போனேன். அங்கே தரையில் ஊரும் பழுப்பு அட்டை போதாதென்று, இடுப்பு உயரத்தில் இலை நுனியில் காத்திருக்கும் புலி அட்டையும் உண்டு. இது கடிப்பது சுருக்கென்று தெரியும். அட்டை ஏறாமல் தடுக்க, முழங்கால் வரை வரும் துணிக் காலுறையை ஊரிலேயே தைத்துக்கொள்ளலாம்.

தானியங்கி கேமரா உடல் வெப்பத்தையும் அசைவையும் உணர்ந்து படம் எடுக்கும். மரத்தில் முழங்கால் உயரத்தில் கட்டுவோம். விலங்குத் தடங்களில் மட்டும் கட்டினால் படம் குவியும், ஆனால் தடத்தை விரும்பும் விலங்குகளே அதிகம் பதிவாகும். அதனால் வரைபடத்தில் சம இடைவெளியில் புள்ளி குறித்து, அது சரிவோ முட்புதரோ, அங்கேயே போய்க் கட்டினோம். உடன் வந்த உள்ளூர் அபாங் (மலாயில் ‘அண்ணன்’) இல்லாவிட்டால் பாதிப் புள்ளிகளைத் தொட்டிருக்க மாட்டேன். ஆண்டுக்குச் சுமார் 2,800 மில்லிமீட்டர் மழை பெய்யும் இடம்; பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் வைத்தாலும் லென்ஸில் பூஞ்சை, உள்ளே எறும்புக் கூடு. யானை பிடுங்கிப் போட்டதும் உண்டு. வெயிலில் சூடான இலை காற்றில் ஆடினாலும் கேமரா சொடுக்கும். வெறும் இலைப் படங்களைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போகும்.

தாடிப்பன்றிக்கு வருகிறேன். அங்குள்ள டிப்டெரோகார்ப் என்ற குடும்பத்து நெடுமரங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒட்டுமொத்தமாகக் காய்க்கும். அந்த விதைகளைத் தேடி இவை நெடுந்தூரம் அலையும். 2021இல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் சபாவுக்குள் வந்து, காட்டுப் பன்றிகளையும் கொன்றது. அதற்குப் பிறகு போனவன் நான். ஒரு கேமராவில் பன்றி விழவில்லை என்றால் அங்கே பன்றி இல்லையா, இருந்தும் கேமராவில் சிக்கவில்லையா? ஒரே இடத்தில் பல வாரப் பதிவுகளை வைத்து இந்த இரண்டையும் பிரித்துக் கணக்கிட முறை இருக்கிறது. அந்தப் புள்ளியியலைக் காட்டுக்குப் போகும் முன்பே படித்துவிடுங்கள். எத்தனை கேமரா, எத்தனை வாரம் என்பதை அதுதான் தீர்மானிக்கும்.